மூன்று இருந்தால் இரண்டு இல்லையா?

போன வாரம் என் பேத்திக்கு அரை மதிப்பெண் போய்விட்டது. அந்த அரை மதிப்பெண்ணுக்காக ஒரு கிழவன் உட்கார்ந்து இவ்வளவு நீளமாக எழுத வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். எழுதத்தான் வேண்டும். முப்பத்து நாலு வருடம் அரசாங்க ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவன் நான். அந்த அரை மதிப்பெண்ணை வெட்டிய புத்தி எப்படிப்பட்டது என்று எனக்கு நன்றாகத் தெரியும். என் சண்டை அந்தப் புத்தியோடுதான், டீச்சரோடு அல்ல.

விஷயம் இதுதான். பேத்தி ஒன்பதாவது படிக்கிறாள். கம்ப்யூட்டர் பாடத்தில் பைத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். கேள்வி: முக்கோணத்தின் மூன்று பக்க அளவுகளைக் கேட்டு வாங்கி, அது சமபக்க முக்கோணமா, இருசமபக்க முக்கோணமா, அசமபக்க முக்கோணமா என்று சொல்லும் புரோகிராம் எழுதுக. மதிப்பெண் இரண்டு.

அவள் எழுதியது இப்படி. முதலில், கொடுத்த மூன்று அளவும் முக்கோணமாகச் சேருமா என்று பார்க்கிறாள். சேராவிட்டால் "இது முக்கோணமே இல்லை" என்று சொல்லி நிறுத்திவிடுகிறாள். சேர்ந்தால், ஏதாவது இரண்டு பக்கம் சமமா என்று பார்த்து, சமமானால் "இருசமபக்கம்" என்று ஒரு வரி. பிறகு தனியாக, மூன்றும் சமமா என்று பார்த்து, சமமானால் "சமபக்கம்" என்று இன்னொரு வரி. எதுவும் சமமில்லை என்றால் "அசமபக்கம்". ஆக 5, 5, 5 என்று கொடுத்தால் இரண்டு வரி வரும்: இருசமபக்கம், சமபக்கம்.

டீச்சர் அந்த இரண்டு வரியையும் சிவப்பு மையில் சுழித்து "ஒரு விடைதான் வர வேண்டும்" என்று எழுதி அரை மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். முக்கோணமாகச் சேருமா என்று பார்த்த வரிக்குப் பக்கத்தில் "தேவையில்லை". நோட்டில் மாதிரி விடை ஒட்டியிருந்தது. படித்துப் பார்த்தேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை.

முதலில் அந்தத் "தேவையில்லை"யை எடுத்துக்கொள்கிறேன். அது சுலபமாக முடிகிற வழக்கு.

மாதிரி விடையை அப்படியே கம்ப்யூட்டரில் போட்டு, 1, 2, 9 என்று அடிக்கச் சொன்னேன். "அசமபக்க முக்கோணம்" என்று பளிச்சென்று வந்தது. வாசலில் இருந்த தென்னந்துடைப்பத்திலிருந்து மூன்று ஈர்க்குச்சியை உருவி, ஒன்றை ஒரு அங்குலம், ஒன்றை இரண்டு அங்குலம், ஒன்றை ஒன்பது அங்குலமாக ஒடித்துக் கொடுத்தேன். "இதை முக்கோணமா வை பார்க்கலாம்" என்றேன். ஒன்பது அங்குலக் குச்சியின் இரண்டு முனையிலும் மற்ற இரண்டையும் வைத்தாள். ஒன்றை ஒன்று தொடக்கூட முடியவில்லை. நடுவில் ஆறு அங்குலம் காலி. 2, 3, 5 என்று ஒடித்தாலும் அதே கதிதான். இரண்டும் மூன்றும் சேர்ந்து ஐந்தின் மேல் அப்படியே படுத்துக்கொள்ளும், முக்கோணம் எழும்பாது.

எந்த முக்கோணத்திலும் இரண்டு பக்கத்தைக் கூட்டினால் மூன்றாவதைவிட அதிகமாக இருக்க வேண்டும். கி.மு. 300 வாக்கில் யூக்ளிட் தன் முதல் புத்தகத்தில் இருபதாவது தேற்றமாக இதை நிரூபித்தார். இதையெல்லாமா நிரூபிப்பது, கழுதைக்கே தெரியுமே என்று எபிகூரஸ் கூட்டத்தார் கேலி செய்ததாகப் பழைய உரைகாரர் புரோக்ளஸ் எழுதிவைத்திருக்கிறார். எதிர் முனையில் புல்லைப் போட்டால் கழுதை நேராகத்தான் நடக்கும், இரண்டு பக்கம் சுற்றிக்கொண்டு போகாது என்பது அவர்கள் வாதம். தெரிந்திருப்பது வேறு, ஏன் என்று அறிவது வேறு என்று புரோக்ளஸ் அதற்குப் பதிலும் சொன்னார். கழுதைக்குத் தெரிந்தது நம் மாதிரி விடைக்குத் தெரியவில்லை. தெரிந்து எழுதிய பெண்ணுக்கு "தேவையில்லை".

என் மாப்பிள்ளை சென்னையில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலையில் இருக்கிறார். போனில் சொன்னதும் சிரித்தார். "மாமா, எங்க தொழில்ல பாலபாடமே இந்த முக்கோணம்தான்" என்றார். க்ளென்ஃபோர்ட் மயர்ஸ் என்பவர் 1979-இல் புரோகிராம்களைச் சோதிப்பது பற்றி ஒரு புத்தகம் எழுதினாராம். ஆரம்பத்திலேயே இதே கணக்கு: மூன்று முழு எண்ணைப் படித்து என்ன முக்கோணம் என்று சொல்லும் புரோகிராம் இருக்கிறது, அதைச் சோதிக்க என்னென்ன எண்களைக் கொடுப்பீர்கள்? பூஜ்யம் கொடுத்தீர்களா, மைனஸ் எண் கொடுத்தீர்களா, இரண்டைக் கூட்டினால் சரியாக மூன்றாவது வருகிற மாதிரி கொடுத்தீர்களா என்று 14 கேள்வி. நல்ல அனுபவமுள்ள புரோகிராமர்களே சராசரியாக 7.8 தான் வாங்குகிறார்கள் என்று மயர்ஸ் எழுதியிருக்கிறார். முக்கோணம் ஆகாததை முக்கோணம் என்று சொல்கிற புரோகிராமை அவர் பிழையுள்ளது என்றே சொல்கிறார். அதைத்தான் நாம் மாதிரி விடையாக ஒட்டிவைத்திருக்கிறோம்.

இனி பெரிய வழக்குக்கு வருகிறேன். மூன்று பக்கமும் சமமான முக்கோணம், இருசமபக்க முக்கோணமா இல்லையா?

நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளியில். 1962-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த பிறகும் எங்களுக்குக் கணக்கு பிரெஞ்சில்தான் நடந்தது. திரியாங்கிள் இசொசேல், திரியாங்கிள் எக்கிலாதெரால், திரியாங்கிள் ஸ்கலேன். எங்கள் கணக்கு முசே தமிழர்தான். கரும்பலகைக்கான பெரிய மரக் காம்பஸைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவார். இசொசேல் பாடம் அன்று ஆளுக்கு ஒரு காகித முக்கோணம் வெட்டச் சொன்னார். "மடியுங்கள்" என்றார். ஒரு பாதி மறு பாதியின் மேல் பிசகாமல் உட்கார்ந்தால் அது இசொசேல். எந்தப் பக்கம் மடித்தாலும் உட்காராவிட்டால் ஸ்கலேன். என் பக்கத்துப் பையன் மூன்று பக்கமும் சமமாக வெட்டியிருந்தான். அது மூன்று விதமாக மடிந்தது. "முசே, இது என்ன?" என்றான். "இசொசேல்தான். ஆனால் மூன்று தடவை இசொசேல். அதனால் எக்கிலாதெரால் என்று தனிப் பட்டம் கொடுத்திருக்கிறோம்" என்றார். அறுபது வருடம் ஆகிவிட்டது. அந்தக் காகித மடிப்பு இன்னும் விரலில் இருக்கிறது. பிரெஞ்சுப் பாடத்தில் எக்கிலாதெரால் என்பது இசொசேலில் ஒரு விசேஷ வகை. அவ்வளவுதான்.

இப்போது நம் பிள்ளைகளின் நோட்டில் என்ன இருக்கிறது? "இரண்டு பக்கங்கள் சமமாக இருந்தால் இருசமபக்க முக்கோணம்." இந்த வாக்கியத்தோடு எனக்கு ஒரு சண்டையும் இல்லை. சரியான வாக்கியம். சண்டை, திருத்தும்போது அதற்குள் யாரும் எழுதாத ஒரு சொல்லைப் படிக்கிறார்களே, "மட்டும்" என்று, அதோடுதான்.

பஸ்ஸில் கண்டக்டர் "ரெண்டு ரூபா சில்லறை இருக்கா?" என்று கேட்கிறார். உங்களிடம் மூன்று ரூபாய் இருக்கிறது. "இல்லை, மூணு ரூபாதான் இருக்கு" என்று சொல்வீர்களா? சொன்னால் அவர் உங்களை எப்படிப் பார்ப்பார்? நம் மொழியில் இதற்கு வசதி இருக்கிறது. இரண்டுக்கு மேல் கூடாது என்றால் "இரண்டே" என்று சொல்லலாம். ஒரு ஏகாரம் போதும். பிரிநிலை ஏகாரம் என்று இலக்கணக்காரர்கள் பெயரே வைத்திருக்கிறார்கள். நான் பிரெஞ்சில் படித்தவன், தமிழ் இலக்கணம் பிற்பாடு வீட்டில் தட்டுத்தடுமாறிக் கற்றது. எனக்கே தெரிகிறது. "இரண்டு" என்று எழுதிவிட்டு "இரண்டே" என்று திருத்துவது நியாயமில்லை.

என்னோடு காலையில் கடற்கரையில் நடக்கும் நண்பர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அவர் சும்மா விடவில்லை. "நீங்க யூக்ளிட் யூக்ளிட்டுன்னு சொல்றீங்களே, அவரே 'இரண்டு மட்டும்'னுதானே எழுதியிருக்கார்?" என்றார். உண்மைதான். மறைக்க மாட்டேன். முதல் புத்தகத்தின் இருபதாவது வரையறையில் யூக்ளிட் இருசமபக்கத்துக்கு இரண்டு பக்கம் மட்டும் சமம் என்றுதான் சொல்கிறார். அப்படி வரையறுப்பது குற்றமல்ல. சொல்லிவிட்டுச் செய்தால் அது ஒரு ஏற்பாடு.

ஆனால் அதே யூக்ளிட் என்ன செய்தார் தெரியுமா? நாலாவது புத்தகம், பதினைந்தாவது கணக்கு. வட்டத்துக்குள் ஒழுங்கான அறுகோணம் வரைய வேண்டும். அங்கே ஒரு சமபக்க முக்கோணம் வருகிறது. அதன் மூன்று கோணமும் சமம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் அவர் காட்டும் காரணம், இருசமபக்க முக்கோணத்தில் அடிக்கோணங்கள் சமம் என்பது! ஹீத் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பில் யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். வாசலில் "உனக்கு இடமில்லை" என்று போர்டு மாட்டியவர், வேலை வந்ததும் பின்கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டுக்கொள்கிறார். வேறு வழியில்லை. இருசமபக்கத்துக்கு என்னவெல்லாம் உண்மையோ அதெல்லாம் சமபக்கத்துக்கும் உண்மை. அடிக்கோணம் சமம், உச்சியிலிருந்து இறக்கும் செங்குத்து அடியைச் சரிபாதியாக வெட்டும், எல்லாம். வெளியே நிறுத்தினால் ஒவ்வொன்றையும் சமபக்கத்துக்குத் தனியாக இன்னொரு தடவை நிரூபிக்க வேண்டும்.

நண்பர் விடவில்லை. "பேர் வைக்கிறது நம்ம சௌகரியத்துக்கு. ஒண்ணுக்கு ஒரு பேர் இருந்தா பிள்ளைங்களுக்கு லேசு" என்றார். சரி, அப்படியானால் நாற்கரத்தில் மட்டும் ஏன் வேறு நியாயம்? சதுரமும் ஒரு செவ்வகம்தான் என்று இதே பிள்ளைகளுக்கு எட்டாவதில் சொல்லிக் கொடுக்கிறார்கள். சாய்சதுரமும்தான். அங்கே பிள்ளைகள் குழம்பிச் சாகவில்லை. யூக்ளிட் அங்கேயும் பிரித்துத்தான் வைத்திருந்தார். அவருடைய நீள்சதுரத்தில் சதுரத்துக்கு இடம் கிடையாது. நாற்கரத்தில் யூக்ளிட்டை விட்டுவிட்டு வந்துவிட்டோம், முக்கோணத்தில் மட்டும் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். எட்டாவதில் ஒரு சட்டம், ஒன்பதாவதில் ஒரு சட்டமா? இதற்கு நண்பர் பதில் சொல்லவில்லை. டீக்கடை வந்துவிட்டது.

இன்னொன்றும் சொல்கிறேன். இந்த வழக்கில் கம்ப்யூட்டரே என் பக்கம்தான். மாதிரி விடையில் முதல் கேள்வி, மூன்றும் சமமா? ஆமென்றால் சமபக்கம், முடிந்தது. இல்லையென்றால்தான் அடுத்த கேள்வி, ஏதாவது இரண்டு சமமா? பேத்தியிடம் இந்த இரண்டு கேள்வியையும் இடம் மாற்றிப் போடச் சொன்னேன். 5, 5, 5 கொடுத்தோம். "இருசமபக்கம்" என்று வந்தது. எந்த எண்ணைக் கொடுத்தாலும் "சமபக்கம்" என்ற வரி வரவே இல்லை. ஏன்? ஏதாவது இரண்டு சமமா என்ற கேள்விக்கு 5, 5, 5 ஆமென்றுதான் பதில் சொல்கிறது. மாதிரி விடையில் அது ஆமென்று சொல்லாததற்குக் காரணம், அந்தக் கேள்வியை அதனிடம் கேட்கவே இல்லை என்பதுதான். வரிசையில் முன்னால் நிறுத்தி வேறு பெயர் கொடுத்து அனுப்பிவிட்டோம். ஆக, "ஒரு விடைதான்" என்பது முக்கோணத்தின் குணமல்ல, நாம் கேள்வி அடுக்கிய வரிசை.

(சமம் என்பதே கம்ப்யூட்டருக்கு வேறு என்று பேத்தி இன்னொரு வேடிக்கை காட்டினாள். 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டி ஒரு பக்கம், மற்ற இரண்டும் 0.3. நமக்கு மூன்றும் சமம். பைத்தானுக்கு அந்தக் கூட்டல் 0.30000000000000004. அதனால் இருசமபக்கம் என்கிறது! தசமத்தை அது இரண்டின் கணக்கில் வைத்துக்கொள்வதால் வரும் மிச்சமாம். மில்லிமீட்டரில் முழு எண்ணாகக் கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.)

இவ்வளவு கோபம் எதற்கு என்று கேட்டால், ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். எனக்குப் பெருமை தராத கதை.

1980-களின் நடுவில் நான் ஒரு ஆபீசில் உதவித்தொகை விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் சீட்டில் இருந்தேன். அச்சடித்த படிவம். அதில் விண்ணப்பதாரர் வகை என்று ஒரு இடம்: விதவை, ஊனமுற்றவர், முதியவர். கீழே சின்ன எழுத்தில், ஏதேனும் ஒன்றில் மட்டும் குறியிடவும். ஒரு மீனவக் குப்பத்திலிருந்து ஒரு அம்மா. கணவன் இறந்து இரண்டு வருடம். இடது கால் சின்ன வயதிலேயே சூம்பிப் போனது. யாரோ படித்த பிள்ளை எழுதிக் கொடுத்திருக்கிறான். இரண்டு கட்டத்திலும் குறி. நான் என்ன செய்தேன்? "இரு குறிகள். விண்ணப்பம் குறைபாடுடையது" என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்பினேன்.

அந்த அம்மா நேரில் வந்தது. கம்பை ஊன்றிக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தது. "ஏதாவது ஒண்ணுலதாம்மா டிக் போடணும்" என்றேன். அது என்னைப் பார்த்துக் கேட்டது: "ஐயா, எனக்கு ரெண்டுமே இருக்குதுங்களே. எதை இல்லேங்கறது?"

என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாதபோது குமாஸ்தா செய்வதைச் செய்தேன். புதுப் படிவம் கொடுத்தேன். அது ஊனமுற்றவர் என்று குறியிட்டு வந்தது. அதற்கு மருத்துவச் சான்று வேண்டும், சான்றுக்கு அலைச்சல். விதவை என்று குறியிட்டிருந்தால் கையிலிருந்த இறப்புச் சான்றே போதும். அதைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. பணம் கைக்கு வர பதினாலு மாதம் ஆனது. பதினாலு மாதப் பணம் போனது போனதுதான். நான் எந்த விதியையும் மீறவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

ஒரு தகுதி உள்ளவருக்கு உடனே கிடைக்கிறது. இரண்டு தகுதி உள்ளவர் குறைபாடுடையவர் ஆகிறார். மூன்று பக்கம் சமமாக இருப்பதால் இரண்டு சமமில்லை என்று ஆகிறது. இரண்டும் ஒரே புத்தி. இந்தப் புத்தியைப் படிவம் அச்சடித்தவர் பிறந்தபோதே கொண்டுவரவில்லை. எங்கேயோ ஒரு வகுப்பில், ஒரு சிவப்பு மையில், "ஒரு விடைதான் வர வேண்டும்" என்று கற்றுக்கொண்டார். நானும் அப்படித்தான். என் முசே காகிதத்தை மடித்துக் காட்டியும் நான் ஆபீசில் அதை மறந்துபோனேன். இன்று அந்தப் படிவத்தின் இடத்தில் கம்ப்யூட்டர் இருக்கிறது. ஒன்றைத் தேர்ந்தெடுத்தால்தான் அடுத்த பக்கத்துக்கே விடும். அந்தப் புரோகிராம்களை நாளைக்கு எழுதப் போவது இன்று ஒன்பதாவது படிக்கிற பிள்ளைகள்.

பெற்றோர் கூட்டத்தில் டீச்சரைப் பார்த்தேன். நல்ல பெண், என் மகள் வயதுகூட இருக்காது. பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "சார், நீங்க சொல்றது புரியுது. ஆனா கீ-ல ஒரு விடைதான் இருக்கு. நான் மாத்தித் திருத்தினா என்னைக் கேப்பாங்க" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் அந்தச் சீட்டில் உட்கார்ந்திருந்தவன்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கேள்வித்தாள் எழுதுகிறவர்கள், இரண்டு மட்டும் என்றால் "மட்டும்" என்று எழுதட்டும். குறைந்தது இரண்டு என்றால் அப்படி எழுதட்டும். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் நல்லது, காரணம் மேலே சொல்லிவிட்டேன். மூன்று எண்ணும் முக்கோணமாகச் சேருமா என்று பார்ப்பதை மாதிரி விடையின் முதல் வரியாக வைக்கட்டும். உண்மையை எழுதிய பிள்ளைக்கு, கீ-யில் இல்லை என்பதற்காக மதிப்பெண் வெட்டாமல் இருக்கட்டும்.

பேத்தி கேட்டாள், "பரீட்சையில என்ன தாத்தா எழுதட்டும்?" என்று. வீரமாகப் பேசிவிட்டேனே தவிர, இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் யோசித்தேன். "மிஸ் கேட்ட மாதிரி ஒரே விடை வர எழுது. ஆனா அந்த வரியில 'இரண்டு பக்கம் மட்டும் சமம்'னு வரணும். மட்டும்ங்கற சொல்லை விடாதே" என்றேன். சரி என்று தலையாட்டினாள். தன் சொந்தப் புரோகிராமை மட்டும் மாற்றவில்லை. அது இன்னும் இரண்டு வரிதான் சொல்கிறது.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கும் பேரன் பேத்தி இருப்பார்கள். அவர்களிடம் ஒரு காகிதத்தையும் கத்தரிக்கோலையும் கொடுங்கள். மூன்று பக்கமும் சமமாக வெட்டி மடிக்கச் சொல்லுங்கள். மடிகிறதா என்று அவர்களே பார்த்துச் சொல்லட்டும்.